சம்பந்தி என் தலையில் கட்டிய வண்டி

ஆகஸ்ட் 18, திங்கள்

வண்டி வந்து சேர்ந்தது. சம்பந்தி காளியப்பன் காங்கேயத்திலிருந்து தானே ஓட்டிவந்து என் ஈரோட்டு வீட்டு வாசலில் நிறுத்தினான். நேரில் பார்த்தால் ‘வாங்க சம்பந்தி’தான். இது என் சொந்த டைரி, இங்கே அவனுக்கு ‘அவன்’ போதும்.

கூடவே ஒரு டின் கடலை எண்ணெய். எண்ணெய் மில் வைத்திருப்பவன் கையில் எண்ணெய் இல்லாமல் எந்த வீட்டுப் படியும் ஏறமாட்டான். பேச்சிலும் அதே எண்ணெய்தான் வழிகிறது.

“ஏழு வருசம் ஓட்டுனதுங்க சம்பந்தி. ஒரு நாள் நடுரோட்டுல நின்னதில்லீங்க. ஆட்டோமேட்டிக்ங்கறதால கிளட்ச்சும் இல்லீங்க, கியர் மாத்தற வேலையும் இல்லீங்க. சோத்துக்கால் ஒண்ணு போதும், வண்டி பொடிநடையாப் போவும்.”

நான் கூட்டுறவுத் துறையில் முப்பத்திரண்டு வருடம் தணிக்கை பார்த்தவன். சங்கச் செயலாளர் சிரித்துக்கொண்டே கணக்கு நோட்டை நீட்டினால் அந்தச் சங்கத்தில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். காளியப்பன் சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினான்.

வெளியாளாக இருந்தால் ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போய் அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்திருப்பேன். பெண்ணைக் கொடுத்த இடத்தில் மெக்கானிக்கோடு போய் நிற்க முடியுமா? இந்தக் காங்கேயத்துக்காரர்கள் சந்தையில் காளை வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், குளம்பைத் தட்டிப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். அவர்களிடம் வண்டி வாங்கும் சம்பந்தி மட்டும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

என் பழைய வண்டியைத் தள்ளிவிட்டது நல்லதுதான். வருடத்துக்கு இரண்டு கிளட்ச் பிளேட் தின்றது. “உங்க கால் எந்நேரமும் கிளட்ச் மேலயே இருக்குது சார்” என்பான் மெக்கானிக். கலப்படச் சாமான் போடுகிறவன் வேறென்ன சொல்வான்?

அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி நிரஞ்சனாவுக்குக் கட்டுச்சோறு. காங்கேயத்துக்குச் சோறு கட்டிக்கொண்டு போய், விருந்து வைத்து, மகளைப் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். நான்தான் ஓட்டுவேன். வலி வந்தால் ஆஸ்பத்திரிக்கும் நான்தான் கூட்டிப்போவேன். ஒரே மகள். இதில் யாருக்கும் பங்கு கிடையாது.

ஆகஸ்ட் 21, வியாழன்

நினைத்தது சரி. வண்டியில் வில்லங்கம் இருக்கிறது.

பெருந்துறை ரோட்டு சிக்னலில் நின்று கிளம்பும்போது ஓர் உதறல். கொஞ்சம் வேகம் எடுத்ததும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்து விட்டது போல இன்னொன்று. நிறுத்தப் போனால் நிற்காமல் முன்னால் ஒரு முட்டு. கியர்பாக்ஸ் போய்விட்டது என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டுமா?

“காலைப் பாத்து வையுங்க” என்றாள் துளசிமணி. என் மனைவி வாழ்நாளில் தையல் மிஷினைத் தவிர எதையும் மிதித்தவள் அல்ல.

ஆகஸ்ட் 25, திங்கள்

காளியப்பனுக்குத் தெரியாமல் ராயப்பன் பட்டறைக்குப் போனேன். பட்டறை வாசலில் ‘ஆட்டோமேட்டிக் கியர் ஸ்பெஷலிஸ்ட்’ என்று பலகை. உள்ளே ஸ்பெஷலிஸ்ட் பரோட்டா தின்றுகொண்டிருந்தான்.

இன்ஜினைச் சூடாக ஓடவிட்டு, கியர் ஆயில் குச்சியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினான். சிவப்பாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தான். ஆயில் கறுத்துத் தீய்ந்த நாற்றம் அடித்தால் உள்ளே பிளேட்டுகள் தேய்கின்றனவாம். “இது ரத்தம் மாதிரி இருக்குது சார். பாக்ஸ் சுத்தம்.” அந்தத் துணியில் பரோட்டாவின் சால்னாவும் இருந்தது. எதை முகர்ந்தானோ.

பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பவானி ரோட்டில் ஓட்டினான். வண்டி எருமைக்கன்று போலச் சாதுவாகப் போனது. மெக்கானிக்கைப் பார்த்தால் எந்த வண்டியும் இப்படித்தான், டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்குகிற மாதிரி.

“ஒண்ணுமில்ல சார். நீங்க போன ரோடு குண்டும் குழியுமா இருந்திருக்கும்.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நன்றாகச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

எதற்கும் இருக்கட்டும் என்று கியர் ஆயிலை முழுதாக மாற்றச் சொன்னேன். மாற்றினான். வீடு திரும்புவதற்குள் மூன்று உதறல்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மாரியம்மன் கோயிலில் போய் இறங்கினால் வலது காலில் செருப்பு இல்லை. வண்டிக்குள் பிரேக்குக்கு அடியில் கிடந்தது. பூக்காரி சிரித்தாள். இப்போது செய்கிற செருப்புகளின் லட்சணம் இது, காலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரிவதில்லை. அந்தக் காலத்துச் செருப்பு கடித்தாலும் கடிக்கிறேன் என்று சொல்லிக் கடிக்கும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

துளசியையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போய்ப் பெரிய பட்டறை ஒன்றில் காட்டினேன். ஏசி அறை, காபி, சுவரெல்லாம் கண்ணாடி. சூப்பர்வைசர் கழுத்தில் டை. வண்டியைத் தொடுவதற்கு முன் பெயர், பிறந்த நாள் எல்லாம் கேட்டான். ஜாதகம் பார்க்கப் போகிறானோ என்று நினைத்தேன்.

ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு வயரைச் செருகி லேப்டாப்பில் இணைத்தான். கியர்பாக்ஸில் கோளாறு இருந்தால் அதன் மூளையே எண்ணாகச் சொல்லிவிடுமாம். ஓர் எண்ணும் வரவில்லை. அவன் ஓட்டினான், உதறவில்லை. என்னை ஓட்டச் சொன்னான். கேட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு உதறல். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். நீலக் கோடு ஒன்று, சிவப்புக் கோடு ஒன்று.

“சார், நீலம் ஆக்சிலரேட்டர், சிவப்பு பிரேக். ரெண்டும் ஒண்ணா ஏறுது பாருங்க. நீங்க பிரேக் மிதிக்கறப்பவே ஆக்சிலரேட்டரும் அமுங்குது. போகச் சொல்றீங்களா நிக்கச் சொல்றீங்களான்னு கியர்பாக்ஸுக்குக் குழப்பம். அதான் உதறுது.”

“அப்போ சென்சார் கோளாறு” என்றேன்.

“சென்சாரா இருந்தா நான் ஓட்டறப்பவும் காட்டணும்ல சார்?”

பதில் தெரியாதவன்தான் எதிர்க்கேள்வி கேட்பான். எத்தனை செயலாளர்களைப் பார்த்திருக்கிறேன்! கடைசியில், “வேற யாராச்சும் இருந்தா ஓட்டச் சொல்லிக் கூட்டிட்டுப் போங்கம்மா” என்று துளசியிடம் மெதுவாகச் சொன்னான். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். ஈரோடு வரை நானே ஓட்டினேன். அவள் வழியெல்லாம் கதவுப் பிடியைப் பிடித்தபடி முருகா முருகா என்றாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

காலையில் துளசி ஒரே கூச்சல். நான் பேப்பர் படித்துக்கொண்டே கூடத்தில் நடந்திருக்கிறேன், போன இடமெல்லாம் ரத்தம். உள்ளங்காலில் ஒரு காலண்டர் ஆணி, அதன் தலை வரைக்கும் இறங்கியிருந்தது.

“இது வலிக்கலீங்களா உங்களுக்கு?” என்றாள்.

சின்னச் சின்ன வலிக்கெல்லாம் கத்துகிற ஜாதி இல்லை நான். அதைச் சொன்னால் அழுகிறாள். சர்க்கரையாம், காலைக் காட்ட வேண்டுமாம். எனக்குச் சர்க்கரை வந்து எத்தனையோ வருடமாகிறது. நான் மாத்திரையும் போடுகிறேன், ஜிலேபியும் தின்கிறேன். நானும் அதுவும் சமாதானமாகத்தான் இருக்கிறோம்.

செப்டம்பர் 8, திங்கள்

நிரஞ்சனா போனில் கூப்பிட்டாள். துளசி எல்லாவற்றையும் ஓதிவிட்டாள் போலிருக்கிறது.

“அப்பா, கட்டுச்சோத்துக்கு டிரைவர் வெச்சுட்டு வாங்கப்பா.”

“உங்க மாமனார் ஓட்டை வண்டியக் குடுத்துட்டாரு. அதுக்கு நான் எதுக்குக் கண்ணு டிரைவர் வெக்கணும்? விருந்து முடியட்டும், நாலு பேரு முன்னால கேட்டுப்போடறேன்.”

“நான் இங்க வாழணுங்கப்பா. மாமா எனக்கு ஒரு குறையும் வெக்கலை. ஒண்ணும் கேக்காதீங்க” என்றாள்.

எண்ணெய்க்காரன் என் மகளையும் எண்ணெய் தடவி வைத்திருக்கிறான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

இன்றைக்கு நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதிவைக்கிறேன்.

புளிசாதம், தக்காளி சாதம், தயிர்சாதம், எள்ளுச்சாதம் என்று கட்டி எடுத்துக்கொண்டு காங்கேயம் போனோம். போகும்போது ஐந்தாறு உதறல். தயிர்சாதத் தூக்கு கவிழ்ந்தது. காளியப்பன் வீட்டுக் களத்தில் பந்தல் போட்டு ஊரையே கூட்டியிருந்தான். மாப்பிள்ளை வேட்டி தடுக்க அங்குமிங்கும் ஓடினான். ஓடினானே தவிர ஒரு வேலையும் ஆகவில்லை. நிரஞ்சனா பச்சைப் பட்டில், கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் கேட்க வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டேன். அழகாக இருந்தாள்.

விருந்து முடிந்து கிளம்பினோம். நிரஞ்சனாவும் துளசியும் பின்சீட்டில். சுற்றிலும் பெண்கள் நின்று வழியனுப்பினார்கள். இன்ஜினைப் போட்டேன். கியரை டி-யில் தள்ளினேன். வண்டி நகர்ந்தது. ஒரு குழந்தை குறுக்கே வருவது போலிருக்க, பிரேக்கை மிதித்தேன்.

பிரேக்கைத்தான் மிதித்தேன். எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

வண்டி பாய்ந்தது. பெண்கள் சிதறினார்கள். களத்து ஓரத்தில் இருந்த மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போய் இடித்தது. இடித்த பிறகும் அடங்கவில்லை, இன்ஜின் அலறியது, சக்கரம் மண்ணைப் பறித்தது. நான் பிரேக்கை இன்னும் பலமாக மிதித்தேன். மிதிக்க மிதிக்க இன்னும் அலறியது. பின்னால் நிரஞ்சனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ‘அப்பா, அப்பா’ என்கிறாள்.

காளியப்பன் ஓடிவந்து கதவைத் திறந்தான். குனிந்து, என் வலது காலை இரண்டு கையாலும் பிடித்தான். ஆமாம், அத்தனை பேர் முன்னால், சம்பந்தியின் காலை. அதே நேரத்தில் அலறலும் தானாக அடங்கியது. ஓட்டை வண்டியைத் தலையில் கட்டிவிட்டோமே என்று அவனுக்கே உறுத்தியிருக்கிறது, அதுதான் காலில் விழுந்துவிட்டான் என்று புரிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. என் கண்ணையே பார்த்தான்.

அதற்குள் மாப்பிள்ளை வாய்திறந்தான். “மாமா, நீங்க பிரேக்குன்னு நெனச்சு...”

“நீ பேசாத” என்று அவனை அடக்கினான் காளியப்பன். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: “வண்டியிலதானுங்க கொறை. எனக்கு முன்னாலயே தெரியும். சம்பந்திகிட்டச் சொல்லாமக் குடுத்துப்போட்டனுங்க. தப்பு என்னோடதுதானுங்க. சம்பந்தி, சரி பண்ற வரைக்கும் வண்டி இங்கயே இருக்கட்டுங்க.”

இதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நிரஞ்சனாவை உடனே டாக்டரிடம் காட்டினோம். குழந்தைக்கு ஒன்றுமில்லை. அவள் நெற்றியில் மட்டும் வீக்கம். மாப்பிள்ளை தன் காரில் எங்களை ஈரோட்டில் கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்தபடி வந்தாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

தணிக்கையில் இத்தனை சீக்கிரம் ஒருவனும் ஒப்புக்கொண்டதில்லை. அதுவும் ஊரறிய. காலையும் பிடித்து.

ஜெயித்தவன் வீடு மாதிரி இல்லை இது. துளசி தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

செப்டம்பர் 20, சனி

நிரஞ்சனா சொன்னாள் என்பதற்காகக் கால் டாக்டரிடம் போனேன். அவள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். அதனால்தான் போனேன்.

டாக்டருக்கு இளவயது. பேனா போன்ற ஒன்றின் முனையில் நைலான் நூல் நீட்டிக்கொண்டிருந்தது. இதற்குப் படிப்பு ஏழெட்டு வருடம்! “கண்ண மூடிக்கங்க. உங்க பாதத்துல தொடுவேன். தொடும்போதெல்லாம் ‘ஆமா’ன்னு சொல்லுங்க” என்றார்.

கண்ணை மூடினேன். காத்திருந்தேன். ஆள் ஆரம்பிக்கவே இல்லை. நர்ஸிடம் ஏதோ எண் சொல்லிக்கொண்டிருந்தார். வலது, இடது என்கிறார், மறுபடி எண். நானும் பொறுமையாக இருந்தேன்.

“சரிங்க, கண்ணத் தொறக்கலாம்.”

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்களே டாக்டர்” என்றேன்.

அவர் நிரஞ்சனாவைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆஸ்பத்திரி நாற்றம் ஆகாது.

இனி வண்டி ஓட்டக் கூடாதாம். இப்போது எந்த வண்டி இருக்கிறது ஓட்டுவதற்கு? காங்கேயத்தில் கிடக்கிறதே, அதற்கு முதலில் வைத்தியம் பார்க்கட்டும்.

அக்டோபர் 9, வியாழன்

வேடிக்கையைக் கேட்க வேண்டும். காளியப்பன் நான்கு நாட்களாக அடுத்த தெருவில் தன் தங்கச்சி வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறான். அந்த வண்டியோடு. முன்பக்கத்துக்குப் புது பம்பர் போட்டிருக்கிறான்.

“என்னங்க சம்பந்தி இந்தப் பக்கம்?” என்றேன்.

“கொப்பரை வாங்கலாம்னு வந்தனுங்க.”

காங்கேயத்துக்காரன் கொப்பரை வாங்க ஈரோட்டுக்கு வந்தானாம்! ஊரே அங்கே போய்த்தான் கொப்பரை வாங்குகிறது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? மில்லை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன், சிரித்தான். துளசி அவனுக்கு இரண்டாவது முறை காபி போட்டுக் கொடுத்தாள். எனக்கு ஒரு முறைதான்.

அக்டோபர் 13, திங்கள்

இன்னும் கொப்பரை வாங்கி முடியவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது நிரஞ்சனாவுக்கு வலி கண்டது. துளசி யாருக்குப் போன் செய்தாள் என்று நான் கேட்கவில்லை. சட்டை மாட்டுவதற்குள் வாசலில் வண்டி நின்றது. பெண்கள் பின்னால் ஏறினார்கள். டிரைவர் சீட்டில் காளியப்பன். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மேம்பாலத்தில் நெரிசல். பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் நின்று நின்று போக வேண்டியிருந்தது. நான் உதறலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. நின்றார், கிளம்பினார், மறுபடி நின்றார். பின்னால் நிரஞ்சனா பல்லைக் கடித்து முனகும்போது வேகத்தைக் குறைத்தார், அவள் மூச்சு விட்டதும் கூட்டினார். அவளை ஒரு சின்னக் குலுக்கல்கூடத் தொடவில்லை.

அவருடைய வலது காலைப் பார்த்தேன். பிரேக்கிலிருந்து தூக்கி, ஆக்சிலரேட்டரில் வைத்து, மறுபடி தூக்கி. பார்க்காமலே செய்தார். நான் என் காலால் தரை விரிப்பில் அதையே செய்து பார்த்தேன். தூக்கு என்றேன், தூக்கினேன். வை என்றேன், வைத்தேன். பிறகு குனிந்து பார்த்தேன். கால் நான் வைத்ததாக நினைத்த இடத்தில் இல்லை. ஒரு சாண் தள்ளி, கதவோரம் கோணலாகக் கிடந்தது. என்னுடைய கால்தானா என்று சந்தேகமாக இருந்தது. மறுபடி செய்தேன், மறுபடி குனிந்து பார்த்தேன். பயந்துவிட்டேன். அவர் என்னைக் கவனித்தார், மறுபடி ரோட்டைப் பார்த்தார்.

அன்றைக்குக் களத்தில் நின்றிருந்த பெண்களை நினைத்தேன். பின்சீட்டில் அப்பா அப்பா என்றவளை நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நிரஞ்சனாவை உள்ளே கொண்டுபோனார்கள். நான் பின்னாலேயே போனேன். “ஒத்தச் செருப்போட எங்கீங்க போறீங்க?” என்றாள் துளசி. அப்போதுதான் பார்த்தேன். காளியப்பன் வண்டிக்கு ஓடிப் போய் இன்னொரு செருப்பை எடுத்துவந்தார். நான் கை நீட்டினேன், தரவில்லை. வராண்டாவில் அத்தனை பேர் போய்வர, குனிந்து, என் வலது காலை இரண்டு கையாலும் பிடித்துச் செருப்பை மாட்டிவிட்டார். அதே பிடி. அன்றைக்குக் களத்தில் அவர் பிடித்ததும் மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை.

பதினொன்றரைக்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம். குழந்தை உள்ளங்காலை நர்ஸ் சுண்டிவிட்டாள், வீல் என்று அலறியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அலறட்டும், நன்றாக அலறட்டும்.

வெளியே பெஞ்சில் நானும் அவரும் உட்கார்ந்திருந்தோம். “வண்டி என்ன ஆச்சுங்க சம்பந்தி?” என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“பாத்துட்டுத்தானுங்க இருக்கறாங்க. இந்த மாதிரிக் கொறை லேசுல சரியாவாதுங்களாம். எங்க போறதுன்னாலும் ஒரு சத்தம் குடுங்க, நான் வந்து ஓட்டறனுங்க.”

முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு பொய்க் கணக்கிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

“ஆமாங்க சம்பந்தி,” என்றேன். “கியர்பாக்ஸ் சரியில்லீங்க. நீங்களே ஓட்டுங்க.”